கோழிப்பண்ணை வாடையும் பாடி ஸ்பிரேயும்

என் கணவர் முட்டைக்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசர். பகல் முழுக்க ஷெட்டுக்குள் நிற்கிறவர் மேல் கோழி வாடை அடிக்கத்தான் செய்யும். குளித்தாலும் முழுதாகப் போகாது. நாமக்கல் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் இந்த வாடையில்தான் சோறு தின்கின்றன. இருந்தாலும் உறவுக்காரர்கள் அதைச் சொல்லிக்காட்டாமல் விடமாட்டார்கள்.

கல்யாணம் முடிந்து பெரியம்மா வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். பெரியம்மா என் அம்மாவின் அக்கா. எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் அவர் சொல்வதுதான் முடிவு. இலையைப் போட்டுவிட்டு முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க மாப்ள, கோழி அடிச்சுக் கொழம்பு வெச்சது நாங்க. வாடை உங்க மேல அடிக்குதுங்களே!"

பந்தியே சிரித்தது. இவரும் சிரித்தார். மறுநாளே பாடி ஸ்பிரே கேட்டார்.

எனக்கு வெண்ணந்தூரில் ஒரு பியூட்டி பார்லர் இருக்கிறது. சாமான் எல்லாம் சேலத்தில் மொத்தக் கடையில் வாங்குவேன். அதோடு இவருக்கும் வாங்கினேன். வாசனை சோப்பு, பவுடர், ஷேவ் செய்தபின் தடவும் லோஷன், தலைக்குக் கிரீம், அக்குளுக்கு ஒரு ஸ்பிரே, சட்டைக்கு இன்னொரு ஸ்பிரே. பண்ணைக்குப் போகும்போது ஒருமுறை, வந்து குளித்ததும் ஒருமுறை. உறவுக்காரர் வீடு என்றால் டப்பாவில் பாதி காலியாகிவிடும். நானும் ஏசி போட்டுக் கதவை மூடிய அறைக்குள் நெயில் பாலிஷ், முடியை நேராக்கும் கிரீம், ஸ்பிரே என்று அந்தக் காற்றையே நாளெல்லாம் மூச்சாக இழுத்தேன். வாசனை அடித்தால் சுத்தம் என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

வருஷங்கள் போயின. பிள்ளை இல்லை. பழி முழுக்க என் மேல்தான். வளைகாப்பு என்றால் மாசமான பெண்ணுக்கு அலங்காரம் பண்ண என்னைத்தான் கூப்பிடுவார்கள். சுமங்கலிகள் ஒவ்வொருவராக வளையல் போடும்போது தட்டு என்னைத் தாண்டிப் போகும். மேக்கப் போட என் கை வேண்டும். வளையல் போட என் கை வேண்டாம். இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

எனக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை. உடனே வேறு ஆஸ்பத்திரியில் அதே டெஸ்ட்டை மறுபடி எடுத்தார்கள். இவருக்கு ஒன்றுமே எடுக்கவில்லை. "ஆம்பளைக்கு என்ன டெஸ்ட்டு?" என்று மாமியார் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். கடைசியில், சேலத்தில் ஒரு பெண் டாக்டர், புருஷனைக் கூட்டி வராமல் இனி வர வேண்டாம் என்று என்னைத் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகுதான் இவர் வந்தார். ரிப்போர்ட்டில் விந்தணு எண்ணிக்கை குறைவு, இருப்பதிலும் அசைவு குறைவு என்று வந்தது.

பைக்கில் திரும்பினோம். மல்லூரில் இவர் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி, "யாருகிட்டயும் சொல்லிராத புள்ள" என்றார். நான் சொல்லவில்லை. அதற்காக என்னைப் பெரிய மனசுக்காரி என்று யாரும் நினைக்க வேண்டாம். உள்ளுக்குள் கொதித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த முறை போனபோது, நாங்கள் உட்கார்ந்ததுமே டாக்டர் எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

"என்ன சார், சென்ட்டுலயே குளிச்சிட்டு வந்தீங்களா?"

"பண்ணையில வேலைங்க. நாத்தம் அடிக்கும்ங்க."

தினமும் உடம்பில் பூசுகிற எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். ஒரு கட்டைப்பை நிறைய அள்ளிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். டப்பாவுக்குள் இருப்பது கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பாராபென், வாசனை நிற்கச் சேர்க்கும் தாலேட் என்று சில பேர்களைச் சொன்னார். இவை உடம்புக்குள் போனால் ஹார்மோன் செய்கிற வேலையில் குறுக்கிடலாம் என்றார். ஒரு டப்பாவில் என் விரலை வைத்துக் காட்டினார்.

"வாசனைன்னு ஒரே ஒரு வார்த்தை போட்டிருக்கான் பாருங்க. அதுக்குள்ள என்னென்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

"அப்ப இதனாலதானுங்களா?" என்று கேட்டேன்.

"இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஷெட்டு சூடு இருக்கு, மருந்தடிக்கிறது இருக்கு, வேற காரணமும் இருக்கலாம். ஆனா இது நீங்களா விட முடிஞ்ச விஷயம். விட்டுட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க. புது அணு உருவாக அவ்வளவு நாள் ஆகும்."

அதுவரை தலை குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். "தீவனத்துல பூஞ்சை விழுந்தா முட்டை எறங்கிரும்ங்க. தீவனத்த மாத்துனாலும் மறுநாளே ஏறாது. அந்த மாதிரிதானுங்களே?"

"அதே மாதிரிதான்" என்று டாக்டர் சிரித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பண்ணைக்கு வரும் தீவனத்தில் கைவிட்டு அள்ளி, முகர்ந்து பார்த்து, சந்தேகம் வந்தால் லாரியோடு திருப்பி அனுப்புகிறவர் இவர். கோழிக்கு அவ்வளவு பார்க்கிற ஆள், தன் அக்குளில் அடிப்பது என்னவென்று ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் படித்திருக்க முடியாது. முன்பக்கம் பூவும் மலையும் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். பின்பக்கம் பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாத எழுத்து. நேர்மையான சாமானுக்கு எதற்கு அவ்வளவு பொடி எழுத்து?

வாசனை இல்லாத சோப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் தூக்கி எறிந்தேன். பார்லரில் ஜன்னலைத் திறந்து வைத்தேன். முடியை நேராக்கும் வேலையை நிறுத்தினேன். "பார்லர் மாதிரியே இல்லீங்கக்கா" என்று சொல்லிவிட்டுச் சிலர் ராசிபுரத்துக்குப் போனார்கள். போகட்டும்.

இதற்கிடையில் என் தம்பிக்குக் கல்யாணம் கூடியது. எங்கள் பக்கம் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவளை நிறுத்தி, கூறைப் புடவையின் ஒரு முனையை அவன் கையிலும் மறுமுனையை அவள் கையிலும் கொடுப்பார்கள். பெண்டாட்டி வந்தாலும் உனக்கு இவள் உண்டு என்று ஊரறியச் சொல்வது அது. தம்பிக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான்.

கல்யாண வேலை பேச அம்மா வீட்டில் கூடியிருந்தோம். பெரியம்மா வெற்றிலையை மடித்தபடி, "இணைச்சீருக்கு எம் மவ நிக்கட்டும் சாமி. ரெண்டு பெத்தவ. நல்ல காரியம் பாரு" என்றார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. தம்பி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து இவர் பண்ணையிலிருந்து நேராக வந்தார். பெரியம்மாவின் முந்தானை மூக்குக்குப் போனது.

"என்னுங்க மாப்ள, கோழிகளையும் கூட்டிட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குது? சென்ட்டு கின்ட்டு தீந்துபோச்சுங்களா?"

"நிறுத்திட்டேனுங்க."

"ஏனுங்க?"

"எனக்குத்தான் அணு கொறவுங்க. அதெல்லாம் பூசாதீங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. உங்க புள்ளைக்கு ஒரு கொறையும் இல்லீங்க."

இவர் காது சிவந்திருந்தது. ஆனாலும் உட்காராமல் நின்றார்.

பெரியம்மா தேறிக்கொள்ள அதிக நேரம் ஆகவில்லை. "அட, அப்ப நம்ம புள்ள மேல தப்பு இல்லியா? அப்பறமென்ன, இவளே நிக்கட்டும்" என்றார். அடுத்த வார்த்தை, "ஐயோ பாவம், மாப்ளைக்கா!" என்று வந்தது. இத்தனை வருஷம் என் தலையில் வைத்திருந்ததை எடுத்து, நொடியில் இவர் தலையில் வைத்துவிட்டார்.

"பாவம் கீவம்னு ஆரும் பேச வேண்டாம் பெரிம்மா. கொற எனக்கா இருந்தாலும் இவன் எந்தம்பிதான். நாந்தான் நிப்பேன்" என்றேன்.

அப்போதுதான் தம்பி வாயைத் திறந்தான். "அக்காதான் நிக்கோணும்" என்றான். முதலிலேயே சொல்லியிருக்கலாம். மடையன்.

கல்யாணத்தன்று மணமகள் அறையில் யாரோ ஒரு பெண் என் கழுத்தில் சென்ட் அடிக்க வந்தாள். கையைத் தட்டிவிட்டேன். புடவை முனையைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றபோது இவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தவர்கள்கூட அதில் உட்காரவில்லை. இவர் அதன் மேல் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். சீர் முடிந்ததும் போய் உட்கார்ந்தேன்.

மூன்று மாசம் கழித்து எடுத்த டெஸ்ட்டில் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியிருந்தது. போதாது, பார்ப்போம் என்றார் டாக்டர். பிள்ளை இன்னும் இல்லை. இவர் மேல் கோழி வாடை அடிக்கிறது. அடிக்கட்டும்.