செக்பொயின்ட்டில் எங்கள் கதவு

மஹய்யாவ லயன் வரிசை வீடுகளை இடித்து மாடி வீடு கட்டப்போகிறார்கள் என்றதும் சனத்துக்கு வாயெல்லாம் பல். எனக்கும்தான். லயனுக்கே ஒரு குழாய், மழை பெய்தால் கக்கூஸ் நிரம்பி வாசலுக்கு வரும். அதை விட்டுப் போக யார் அழுவார்கள்? என் அம்மா அழுதாள்.

அதற்கு முந்தின வருடம் அண்ணனை ஆமி சுற்றிவளைப்பில் கொண்டுபோனது. கதவைத் திறக்கச் சுணங்கியதற்குச் சப்பாத்துக் காலால் உதைத்து அடிப்பலகையை உடைத்தார்கள். அப்பா அந்த ஓட்டையில் பிஸ்கட் டின் தகரத்தை அடித்து மூடினார். சில மாதத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

"திரும்பி வர்றவன் இந்தக் கதவத்தான் தேடுவான். நான் எங்கயும் வரமாட்டேன்" என்றாள் அம்மா.

கடைசி அறையும் காலியானால்தான் வேலை தொடங்கும். ஊர் சும்மா இருக்குமா? அண்ணனைக் கொண்டுபோன அன்று அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுத பக்கத்து வீட்டு அத்தைதான் ஆள் ஏற்றி எங்கள் கூரைத் தகரத்தைக் கழற்ற வைத்தாள். "செத்தவனுக்காக நாங்க இதுலயே கிடந்து சாகணுமா?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். அந்த வாயில் புழு விழ. அன்று இரவெல்லாம் மழை. விடிந்ததும் அம்மா நனைந்த பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அந்தக் கதவ மட்டும் குடுங்க ஐயா" என்று மாடி வீடு கட்ட வந்த இஞ்சினியரிடம் கேட்டாள்.

அவர் யாழ்ப்பாணத்து மனிதர், மரியாதையானவர். "மாடி வீட்டுக்குப் புதுக் கதவு வருகுது தானே அம்மா. பழைய சாமான் ஒண்டையும் வீணாக்கமாட்டம். எல்லாத்தையும் திரும்பப் பாவிப்பம்" என்றார்.

சொன்ன சொல் தவறவில்லை, புண்ணியவான். நாங்கள் மாடிக்குப் போன கொஞ்ச நாளில் ரோட்டில் ஆமிக்காரர் செக்பொயின்ட் போட்டார்கள். மணல் மூட்டைகளுக்குப் பின்னால் பழைய பலகையில் ஒரு காவல் குடில். அதன் கதவில் பிஸ்கட் டின் தகரம். வேலைக்குப் போகிற நாங்கள் எல்லோரும் அதற்கு முன்னால் நின்றுதான் அடையாள அட்டையைக் காட்டவேண்டும்.

நான் அட்டையைக் காட்டிவிட்டு நகரப் பார்த்தேன். அம்மாதான் வாயைத் திறந்தாள். தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், இது எங்கள் வீட்டுக் கதவு, என் மகன் இதைத் தேடித்தான் வருவான் என்று காவலுக்கு நின்றவனிடம் சொன்னாள். அவன் பக்கத்தில் நின்றவனைப் பார்த்துச் சிரித்தான்.

"அப்படியென்றால் தட்டிப் பாருங்க அம்மே, உள்ளே இருப்பான்" என்றான்.

வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. அத்தையும் நின்றாள். அம்மா அடையாள அட்டையை என் கையில் தந்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினாள். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் தட்டினாள்.