பல்செட்காரரின் கறுப்புத் தக்காளி

அந்தத் தெருவில் யார் வாயில் எது சொந்தப் பல், எது கட்டிய பல் என்பது பல்செட்காரருக்கு அத்துப்படி. பாதி வாய்களுக்கு அளவெடுத்தவரே அவர்தான். வீட்டின் முன்னறையில் மேல்வாய், கீழ்வாய் என்று பிளாஸ்டர் அச்சுகள் அலமாரி முழுக்க இளித்துக்கொண்டு நிற்கும். யாராவது சிரித்துப் பேசிவிட்டுப் போனால், "அந்த முன்பல் ரெண்டும் என் கைவேலை. பல்லு மாறுச்சு, ஆள் எங்க மாறுனான்?" என்பார். அவர் வாயில் மட்டும் எல்லாமே சொந்தப் பல். அந்தத் திமிர் அவருக்கு நிறையவே உண்டு.

மீதித் திமிர் வீட்டுக்குப் பின்னால் வளர்ந்தது. காலியான பிளாஸ்டர் வாளிகளில் மண்ணை நிரப்பிப் பழைய தக்காளி ரகங்களாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தார். மடிப்பு மடிப்பாக ஒரு மஞ்சள், உள்ளங்கையை நிறைக்கும் ஓர் இளஞ்சிவப்பு, கொத்தாகக் காய்க்கும் சின்னச் சிவப்பு. எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு. காம்பைச் சுற்றிப் பச்சை, கீழே போகப் போகக் கருஞ்சிவப்பு. பல் கட்டிக்கொள்ள வந்த ஒரு கிழவர் கொடுத்த விதை அது. கிழவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் தோட்டத்தின் மேல் மாடி வீடு நிற்கிறது. ஆகவே கறுப்பு தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்பதை, கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லி வைத்திருந்தார். கடைத் தக்காளிக்கு அவர் வைத்த பெயர் தண்ணீர்ப் பை. அதை வாங்கிப் போகிறவர்களுக்கு வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒப்பீடு நடக்கும். நாலு ரகம், நாலு தட்டு. ஒவ்வொரு செடியிலும் மாசுமருவில்லாத முதல் பழத்தைப் பறித்துக் குறுக்கே வெட்டுவார். பிறகு, பல் வேலை செய்கிறவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு காரியத்தைச் செய்வார். விதையையும் அதைச் சுற்றியுள்ள குழகுழப்பையும் கரண்டியால் ஒட்டச் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் சதையை மட்டும் தட்டில் வைப்பார்.

"எச்சில் கலந்தா அச்சு தப்பும். இந்தக் கொழகொழப்பு கலந்தா ருசி தப்பும்" என்று, ருசி பார்க்க வரும் மனைவியின் தம்பியான மச்சானுக்குப் பாடம் நடத்துவார். மச்சான் மஞ்சளைப் புகழ்ந்தால் "உனக்குக் கடைவாய்ப் பல்லே இல்ல, நீ பேசாத" என்று வாயை அடைத்துவிடுவார். கடைசியில் ஒவ்வொரு முறையும் கறுப்பே ஜெயிக்கும். தீர்ப்புச் சொல்வது அவர் ஒருவர்தானே.

நல்ல பழமெல்லாம் தட்டுக்குப் போய்விட்டால் விதைக்கு? பருவம் முடிந்து செடி காய்கிற சமயத்தில் யாரும் சீந்தாமல் தொங்கும் சூம்பல் பழங்களில் விதை எடுப்பார்.

"ஏங்க, நல்ல பழமா ஒண்ணு விதைக்கு விடக்கூடாதா?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

"விதைக்கு எதுக்குடி அழகு? நீ வாளியக் கொண்டு போய்க் கொட்டு."

வாளியில் இருப்பது அவர் சுரண்டித் தள்ளியது. மனைவி அதைப் பக்கத்து வீட்டுக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு வருவாள். பக்கத்து வீடு அவருடைய அக்கா வீடு. அக்காவின் மேல்வாய்ச் செட்டும் அவர் கைவேலைதான். ஒரு ஞாயிறு அவளும் கறுப்பில் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்து, "என்னடா, சப்புன்னு இருக்கு?" என்றாள்.

"அண்ணத்தையே மூடி பிளேட் போட்டிருக்கு. உனக்குத் தக்காளியும் ஒண்ணு, செருப்பும் ஒண்ணு" என்று மச்சானை வைத்துக்கொண்டே பல்செட்காரர் சொல்லிவிட்டார். அக்கா துண்டைத் தட்டில் துப்பிவிட்டுப் போனவள், பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

கறுப்பு வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டே வந்தது. வாளியைக் குறை சொன்னார், வெயிலைக் குறை சொன்னார், மனைவி தண்ணீர் ஊற்றிய லட்சணத்தைக் குறை சொன்னார். இந்த வருஷம் போட்ட விதையில் ஒன்றே ஒன்று முளைத்தது. அதுவும் பூக்கும் முன்பே சுருண்டு சாய்ந்தது. டப்பாவில் ஒரு விதைகூட மிச்சமில்லை. அன்று அவருக்கு உண்மையிலேயே பயம் வந்தது. கறுப்பு போய்விட்டால் அவரும் கடையில் தண்ணீர்ப் பை வாங்குகிற ஆள்தான். அந்த மாதிரி ஆட்களைப் பற்றி அவரே என்னென்ன பேசியிருக்கிறார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

செத்த செடியைப் பிடுங்கி எறிய அக்கா வீட்டுச் சுவரோரம் போனவர், அந்தப் பக்கம் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். குப்பைக்குழி விளிம்பில் ஒரு புதர். கோல் இல்லை, கட்டு இல்லை, வாளி இல்லை. அதில் முஷ்டி முஷ்டியாகக் கறுப்பு.

"திருட்டு!" என்று கத்தினார். "என் கறுப்பு அங்க எப்படி வந்துச்சு?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வந்தாள். "குப்பையில தானா முளைச்சது. உன் வீட்டுக் குப்பைதான், கேளு உன் பொண்டாட்டிய."

மனைவி பின்னாலேயே நின்றிருந்தாள். "நீங்கதான கொட்டச் சொன்னீங்க? நல்ல பழத்து விதை பூரா அங்கதான் போச்சு."

பல்செட்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "குப்பையில வந்ததுல ருசி இருக்காது. உனக்கு அது தெரியவும் தெரியாது."

அக்கா சுவரை ஒட்டி வந்து நின்றாள். மேல்வாய்ச் செட்டைக் கழற்றிச் சுவர்மேல் வைத்தாள். அவர் இழைத்து இழைத்து மெருகேற்றிய செட், அவரைப் பார்த்தே இளித்தது. ஒரு பழத்தைப் பறித்து, ஈறாலேயே நசுக்கி, விதை, சாறு எல்லாவற்றையும் உறிஞ்சிச் சாப்பிட்டு முடித்தாள்.

"இப்ப அண்ணம் திறந்துதான் இருக்கு. சொல்லட்டுமா? ருசி பூரா நீ சுரண்டி எறிஞ்ச கொழகொழப்புலதான்டா இருக்கு. இத்தன வருஷமா சக்கையத் தின்னுட்டு நாட்டாமை பண்ணிருக்க."

அவர் சுவருக்கு மேலாகப் புதரைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அவளிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. கேட்காவிட்டால் கறுப்பு இல்லை.

"அக்கா... ஒரு பழம் குடு."

"சத்தமா."

"ஒரு பழம் குடுக்கா."

அவள் இருப்பதிலேயே பெரியதாகப் பறித்து நீட்டினாள். "வெட்டாத. என் முன்னாடி கடிச்சுத் தின்னு."

கடித்தார். சாறு முழங்கை வரை வழிந்தது. உப்பும் புளிப்பும் இனிப்புமாக அப்படியொரு ருசி அவர் நாக்குக்கு அதுவரை எட்டியதே இல்லை. அவமானமாக இருந்தது. அதைவிட ருசியாக இருந்தது. நிறுத்த முடியாமல் காம்பு வரைக்கும் தின்று, விரலையும் நக்கினார். அதற்குப் பிறகுதான் எதற்காகக் கேட்டோம் என்பது உறைத்தது. காலிக் கையைப் பார்த்தார்.

"இன்னொண்ணு குடுக்கா. விதைக்கு."

அக்கா செட்டை எடுத்துக் கழுவி, வாயில் பொருத்தி, நாக்கால் ஒரு தட்டுத் தட்டிச் சரி பார்த்துக்கொண்டாள்.

"விதைக்கு நல்ல பழம் எதுக்குடா? செடி காயட்டும். கடைசியா ஒரு சூம்பல் தொங்கும், அப்ப வந்து வாங்கிக்கோ."