சுரைக்காய் பைப்பும் இராமசாமி அண்ணனும்

எங்கள் தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்குப் பைப் என்றால் உயிர். அதுவும் மரத்தில் கடைந்த பைப் அல்ல, சுரைக்காயில் செய்த பைப். காய்ந்த சுரைக்காயின் வளைந்த கழுத்தை அறுத்து, ஒரு முனையில் வாயில் கவ்வும் குழாயைப் பொருத்தி, மறுமுனையில் புகையிலை போடும் வெள்ளைக் கிண்ணத்தைச் செருகினால் பைப் தயார். கிண்ணம் வெளிநாட்டிலிருந்து வரும். சுரைக்காய் இராமசாமி அண்ணனிடமிருந்து வரும்.

குருவிட்டைக்கு மேலே உள்ள அந்த ரப்பர் தோட்டத்தில் நான் அப்போது சின்ன கிராணி. கடிதம் அடிப்பது, சீல் குத்துவது, திட்டு வாங்குவது, இவை மூன்றும் என் வேலை. இராமசாமி அண்ணன் இருபத்திரண்டு வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ஒரு மழைநாளில் நிறைந்த வாளியோடு சரிவில் வழுக்கி விழுந்து வலது முழங்காலை உடைத்துக்கொண்டார். கால் கோணலாகத்தான் கூடியது. மேட்டில் ஏறிவிடுவார், இறங்கும்போதுதான் உயிர் போகும். மனைவி இல்லை. ஒரே மகள் விஜயகலா.

துரை அவரைப் பங்களாத் தோட்டத்து வேலைக்கு எடுத்தது இரக்கப்பட்டு அல்ல. அண்ணன் குடியிருந்த லயத்து வாசல் பந்தலில் கழுத்து வளைந்த சுரைக்காய் ஒன்று தொங்கியதை ஜீப்பிலிருந்து பார்த்துவிட்டார், அவ்வளவுதான். அடுத்த நாளே அண்ணன் பங்களாவில். காலுக்கு அது பெரிய விடுதலை. நாள் முழுக்க சமதரையில் நிற்கலாம், தேவைப்பட்டால் உட்காரலாம்.

காய் வளைப்பது லேசான காரியம் இல்லை. காலையில் தொட்டால் கழுத்து முறிந்துவிடும். வெயில் ஏறி, கொடி சற்று வாடிய பிறகுதான் அது சொன்னபடி கேட்கும். அந்த நேரத்தில் அண்ணன் காய்க்கு அடியில் ஒரு சின்னக் கல்லை வைத்து, வாழைநாரால் கழுத்தை ஒரு நூல் அளவு இழுத்துக் கட்டுவார். மறுநாள் இன்னொரு நூல். இப்படி ஒன்றரை மாதம். எங்கள் பக்கத்து மழைக்குப் பறித்த காய் பூஞ்சணம் பிடிக்காமல் காயவே காயாது. அதற்கு அவர் கண்ட வழி, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீட்டில் காய்களைத் தொங்கவிடுவது. துரைக்கு இது தெரிந்தபோது அண்ணனைக் கட்டிப்பிடிக்காத குறை.

துரைமாருக்கு இதற்கென்று வருஷத்தில் ஒரு நாள் உண்டு. பெப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை, சுற்றுவட்டாரத்தில் சுரைக்காய் பைப் வைத்திருக்கும் ஏழெட்டு துரைமார் கிளப்பில் கூடுவார்கள். ஒரே டின்னிலிருந்து புகையிலையைப் பகிர்ந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் பற்றவைப்பார்கள். திரும்பப் பற்றவைக்கக் கூடாது. யாருடையது கடைசிவரை அணையாமல் இருக்கிறதோ அவர்தான் அந்த வருஷத்து ராஜா. பைப் எரியும்போது பேசக் கூடாது. தோட்டத்து வேலையைத் தொட்டாலும் தோற்றதாகக் கணக்கு. பிள்ளைகள் கண்ணாமூச்சி விளையாடும்போதுகூட இவ்வளவு சட்டம் போடுவதில்லை. லயத்தில் அதற்குச் சுரக்கா திருநாள் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

1997ஆம் வருஷத்துச் சுரக்கா திருநாள் அன்று, துரை ஜீப்பில் போய் ஒரு மணித்தியாலம் இருக்கும், குருவிட்டை பஜாரில் கடை வைத்திருக்கும் மஹ்ரூப் முதலாளி மோட்டார் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து ஒபிஸ் வாசலில் நின்றார். தோட்டத்து ஆட்களுக்கு வரும் டெலிபோன் எல்லாம் அவர் கடைக்குத்தான் வரும்.

"ராமசாமிய கூப்புடுங்க தம்பி. அவர்ட புள்ளய கொழும்புல பொலிஸ் புடிச்சிட்டாங்களாம்."

விஜயகலா கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தாள். பத்தொன்பது வயது. அடையாள அட்டைக்கு எழுதிப்போட்டு இரண்டு வருஷமாகியும் வரவில்லை. விடியற்காலைச் சுற்றிவளைப்பில், அட்டை இல்லாத தமிழ்ப் பிள்ளை என்று ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். பெரிய துரையின் கையெழுத்தும் சீலும் உள்ள கடிதம் ஆறு மணிக்குள் வந்தால் விடுவார்களாம். வராவிட்டால் வேறு இடத்துக்கு மாற்றுவார்களாம். எந்த இடம் என்று டெலிபோனில் சொன்ன, கூடவேலை செய்யும் பிள்ளைக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் அப்படி மாற்றப்பட்டவர்களைத் தேடி அலைந்த தாய் தகப்பன்மாரை எங்களுக்குத் தெரியும்.

இராமசாமி அண்ணன் அழவில்லை. கை மண்ணைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, "கடுதாசிய அடிங்க ஐயா" என்றார். அடித்தேன். சீல் கட்டையையும் பையில் போட்டுக்கொண்டேன். மஹ்ரூப் முதலாளி இரண்டு பேரையும் பின்னால் ஏற்றிக்கொண்டுபோய்க் கிளப் வாசலில் இறக்கிவிட்டார். மணி ஒன்று. இரண்டரை பஸ்ஸைப் பிடித்தால்தான் ஆறு மணிக்கு முன் கொழும்பு.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பற்றவைத்துவிட்டார்கள்.

தோட்டத்து ஆட்கள் குசினிப் பக்கம்தான் நிற்க வேண்டும். அண்ணன் அங்கே நின்றார். நான் கடிதத்தோடு துரைமார் கூடும் ஹோல் வாசல்வரை போனேன். எட்டு துரைமார் வட்டமாக உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடி, புகை விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் துரை என்னைப் பார்த்தார். ஒரு விரலைத் தூக்கினார். பொறு என்று அர்த்தம். நான் திரும்பிவிட்டேன். கால் மணித்தியாலம் கழித்து மறுபடியும் போனேன். மறுபடியும் அதே விரல். மூன்றாம் தடவை விரலோடு முறைப்பும் வந்தது. ஒரு பிள்ளையின் உயிர் என் கையில் இருக்கும்போது நான் ஒரு விரலுக்குப் பயந்தேன். இதை எழுத இன்றைக்கும் கூசுகிறது.

"தொர பாத்தாருங்களா ஐயா?"

"பாத்தாரு. பைப் அணையிற வரைக்கும் பொறுக்கச் சொல்றாரு."

"எந்தக் காயிங்க? கழுத்துல கருப்பு மச்சம் இருக்குமே, அதுங்களா?"

"அதேதான்."

அண்ணன் குசினிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "அப்ப அது இப்போதைக்கு அணையாதுங்க. நல்ல காயி. மூணு மாசம் பொகையில கெடந்தது, உள்ள பொட்டு ஈரம் இல்ல. மூணு மணி வரைக்கும் நின்னு எரியும்."

அவர் குரலில் பெருமை துளியும் இல்லை. நாள் முழுக்க வெட்டிய பாலில் மழை விழுந்துவிட்டால் எப்படிப் பேசுவாரோ, அப்படிப் பேசினார்.

இரண்டு மணிக்கு ஆறு பைப் அணைந்துவிட்டது. எங்கள் துரையும் பெல்மதுளைப் பக்கத்து மொட்டைத் துரையும்தான் மிச்சம். இரண்டு பத்து. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கவே கால் மணித்தியாலம் வேண்டும், அவர் காலுக்கு அதுவும் போதாது. நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அண்ணன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கடுதாசியக் குடுங்க ஐயா. சீலு கட்டையையும் குடுங்க."

காலை இழுத்து இழுத்து ஹோலின் நடுவே போனார். கிளப்பில் பரிமாறும் அப்பு தடுக்கப் பார்த்தும் நிற்கவில்லை. துரைக்கு முன்னால் கடிதத்தை வைத்துக் கும்பிட்டார். துரை விரலைத் தூக்கினார். அண்ணன் ஒரு நிமிஷம் அந்த விரலையே பார்த்தார். பிறகு கையை நீட்டி, எரிந்துகொண்டிருந்த கிண்ணத்துக்குள் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். தோல் கருகும் வாடை வாசலில் நின்ற எனக்கே வந்தது. புகை நிற்கும்வரை அவர் விரலை எடுக்கவில்லை.

"நான் வளத்த காயிதானுங்க. நானே அணைச்சிட்டேன். இப்ப கையெழுத்து போடுங்க சாமி, எம்மகள கொண்டு போயிருவாங்க."

துரை எழுந்து, உனக்குப் பைத்தியமா என்று சிங்களத்தில் கத்தினார். கைகூட ஓங்கினார். மொட்டைத் துரை, ராஜா ஆகிவிட்ட சந்தோஷத்தில், சிரித்துக்கொண்டே கடிதத்தை எடுத்துப் படித்தார். படித்து முடித்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "போட்டுவிடு" என்று மட்டும் இங்கிலிஷில் சொன்னார். மற்றவர்களும் எங்கள் துரையைப் பார்த்தார்கள். அவர் பேப்பர் கிழியும் அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டார். சீலை அண்ணனே குத்தினார்.

"திங்கக்கெழமை பங்களாவுக்கு வர வேணாம். மலைக்குப் பால் வெட்டப் போ" என்றார் துரை.

"சரிங்க" என்றார் அண்ணன்.

அந்த ஒரு 'சரிங்க'வில் அவர் காலுக்கு இருந்த விடுதலை முடிந்துபோனது. கிளப் அப்பு எங்கிருந்தோ ஒரு திரீவீலைக் கூட்டிவந்ததால் பஸ் கிடைத்தது. நானும் கூடவே போனேன். துணைக்குப் போனேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் வெட்கத்தில் போனேன்.

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடிதத்தைக் கொடுத்தோம். ஆறரைக்கு விஜயகலாவை வெளியே விட்டார்கள். தலை கலைந்து, கண் வீங்கி, தகப்பனைக் கண்டதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணன், "சாப்டியாம்மா?" என்று கேட்டார். லேஞ்சித் துணி சுற்றிய விரலை அவள் பார்த்துவிட்டுக் கேட்டபோது, "பஸ் கதவுல நசுங்கிருச்சு" என்றார். கடிதம் எப்படிக் கிடைத்தது என்று கேட்கும் நிலைமையில் அவள் இல்லை. திரும்பி வரும் வழியில், "பிள்ளைக்குச் சொல்லிறாதீங்க ஐயா, மனசு கஷ்டப்படும்" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை, ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் வாளியோடும் கத்தியோடும் நின்றார். துரை வேண்டுமென்றே சரிவான மலையைக் கொடுத்தார். மரத்துக்கு மரம் ஏறும்போது ஒன்றும் தெரியாது. பால் சேர்த்துக்கொண்டு இறங்கும்போது உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவார். நான் ஒபிஸ் ஜன்னலைச் சாத்திவைக்கப் பழகிக்கொண்டேன்.

சித்திரைப் புத்தாண்டுக்கு விஜயகலா ஊருக்கு வந்தாள். கையில் புது அடையாள அட்டை. தகப்பனுக்குச் சட்டை, எனக்கு ஒரு பேனா. நன்றி சொல்ல என்னை லயத்துக்கு அழைத்திருந்தாள். நான் போனபோது அண்ணன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால் பலாக்காய்போல வீங்கியிருந்தது. அவள் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நிழல்ல நிக்கிற வேலைய விட்டுட்டு யாராச்சும் மலைக்குப் போவாங்களாப்பா?"

"சுரக்காய பாத்து பாத்து அலுத்துப்போச்சும்மா."

"அலுத்துப்போச்சாம்! ஒங்களுக்கு என்ன கிறுக்கா? நான் அங்க தனியா கெடந்து கஷ்டப்படுறேன், நீங்க இங்க ஒடம்ப கெடுத்துக்கிறீங்க. என்னய பத்தி ஒரு நிமிசம் நெனச்சிருந்தா இப்பிடி செய்வீங்களா?" என்னைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்களாச்சும் சொல்லக் கூடாதாங்க ஐயா?"

வாய் வரை வந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார், வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார். நான் தேத்தண்ணீரைக் குடித்தேன்.

அவள் துணியைச் சுடுதண்ணீரில் முக்கிப் பிழிந்து, முழங்காலில் வைத்து, மறுபடியும் திட்டத் தொடங்கினாள். இராமசாமி அண்ணன் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்து, மகள் பக்கத்திலிருந்து திட்டுவதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.