அண்ணனின் கைத்தாளம்

அண்ணன் கண்மூடிய காலையில் பக்கத்தில் இருந்தவர்கள்: அண்ணி. மகன் ஆரோக்கியம், லாரியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு வந்தவன். மருமகள். பங்குச் சாமியார். கும்மிக் குழுவின் செல்வராணி. தங்கை நான், மல்லசமுத்திரத்தில் தறி ஓட்டுபவள்.

அண்ணன் பிறந்தது சேந்தமங்கலம் பக்கம். அப்பா பண்ணையாள். அண்ணன் எட்டாவது வரை படித்தார். நான் மூன்றாவது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

மீசை முளைக்கும் முன்பே ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கு வேலைக்குப் போனார். ஆந்திரா, ஒரிசா என்று ஊர் ஊராகப் போர் போட்டார். ரிக் ஓடும்போது பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. அண்ணன் பாடினால் கேட்கும். பாட்டுக் கட்டப் பழகியது அங்கேதான். ஊருக்கு வரும்போது சம்பளத்தில் பாதி புத்தகமாக வரும். அண்ணி திட்டுவார். கேட்டுக்கொள்வார். மறுபடி வாங்குவார்.

பிறகு ரிக்கை விட்டுவிட்டுப் பாட்டோடு நின்றார். கும்மி, தேர்ப் பாட்டு, ஈஸ்டர் நாடகம், காவிரி வெள்ளத்துக்கு ஒரு சிந்து. சிறு புத்தகமாக அச்சடித்துச் சந்தையில் பாடி விற்பார். மாதா கோவிலுக்கும் கட்டுவார், மாரியம்மன் பண்டிகைக்கும் கட்டுவார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மெட்டுங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் இதுவரைக்கும் சண்டைக்கு வரலியே அம்மிணி" என்றார்.

தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் டாக்டர். அண்ணி அழுதார். அண்ணன், "எடுத்துக்குங்க டாக்டரு. கை ரெண்டையும் மட்டும் உட்டுடுங்க" என்றார்.

குரல் போன அந்த வருடமே தேருக்குப் பாட்டுக் கேட்டுச் செல்வராணியும் சில பெண்களும் வந்தார்கள். கூட வந்த மைக் செட்டுக்காரர், "எதுக்குங்க அவரைச் சிரமப்படுத்தறது? பழைய பாட்டையே பாடிக்கலாமுங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் இந்தத் தடவை விட்டால் இனி எந்த ஊரும் கேட்டு வராது. அண்ணனுக்கு அது தெரியும். சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "புதுசுதான்."

வார்த்தையை எழுதினார். தாளத்தைக் கையால் தட்டினார். மெட்டுக்கு என்னைக் கூப்பிட்டார். அவர் கை மேலே போனால் என் குரல் மேலே போக வேண்டும், இறங்கினால் இறங்க வேண்டும்.

"எனக்குப் பாட வராதுங்கண்ணா" என்றேன்.

"தறி ஓட்டறவளுக்குத் தாளம் தெரியும். வாயைத் தொற" என்று எழுதினார்.

பாடினேன். "ஆடு கத்துது. இன்னுங் கொஞ்சம் மேல" என்று எழுதினார். சில நாள் இப்படிப் போனது. மெட்டு என் வாயில் நின்றது. என்னிடமிருந்து செல்வராணி குழு பிடித்துக்கொண்டது.

தேர் அன்று பாதிப் பாட்டில் பெண்கள் தாளத்தை வேகமாக ஓட விட்டுவிட்டார்கள். அண்ணன் வட்டத்துக்கு நடுவே போய்ச் சரியான தாளத்தைத் தட்டிக் காட்டினார். மைக் செட்டுக்காரர் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டார். "அண்ணனே கை தட்டறாருங்க, எல்லாரும் ஜோராத் தட்டுங்க!" என்றார் மைக்கில். கூட்டம் மொத்தமும் தட்டியது. பாட்டு அமுங்கி நின்றுபோனது.

செல்வராணி என்னைப் பார்த்தாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் இரண்டு கையையும் உயரத் தூக்கினார். கூட்டம் அடங்கும்வரை இறக்கவில்லை. பிறகு முதலடியிலிருந்து ஒற்றையாகத் தட்டினார். பெண்கள் எடுத்தார்கள். கடைசி அடிவரை பிசகவில்லை. ஓரத்தில் நின்றவர்களும் வட்டத்துக்குள் வந்துவிட்டார்கள்.

மறு வாரமே ஜேடர்பாளையத்திலிருந்து பாட்டுக் கேட்டு ஆள் வந்தது. "ஐயாவுக்குக் குரல் இல்லீன்னு சொன்னாங்க..." என்று இழுத்தார் வந்தவர்.

"பாட்டு இருக்குதுங்க. உக்காருங்க" என்றார் அண்ணி.

அதன்பின் அண்ணன் ஓயவில்லை. நோய் திரும்பி வந்தபோதும் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டிருந்தார்.

அறுவை செய்த டாக்டர், வீட்டுக்கே வந்து புண் கழுவிய நர்ஸம்மா, பாட்டுப் புத்தகங்களை அச்சடித்துக் கொடுத்தவர்கள், அடக்கத்தன்று வெயிலில் நின்று பாடிய பெண்கள், அன்று வாடகை வாங்காத மைக் செட்டுக்காரர், இவர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

குரல் போன பிறகு அண்ணன் கட்டிய பாட்டு பதினேழு.