பெரிதாக்கிய பக்கம்

பாடப் புத்தகத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து, மூடியை இறக்கி, இருநூறு சதவீதத்துக்குப் பொத்தானை அழுத்துகிறார் ஜெராக்ஸ் அக்கா. வெள்ளைத் தாள் இல்லை, இளமஞ்சள் தாள். வெளியே வந்த பக்கத்தைக் கத்தரிக்கோலால் வரி வரியாக நறுக்குகிறார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நான்கு பேர் நிற்கிறார்கள். "இருங்க, இது என் வீட்டு ஆர்டர்" என்கிறார், தலையை நிமிர்த்தாமல்.

அந்த ஆர்டர் நாலாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு. கடைக்கு வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் சின்ன முதலாளி. பள்ளி விட்டதும் தாள் கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவாள். தாள் எங்கே சிக்கியிருக்கிறது என்பதை இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். வாய் ஓயாது, வாசிக்கச் சொல்லும்வரை.

இரண்டாம் வகுப்பு முடியும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. அப்போதெல்லாம் கடகடவென்று வாசிப்பாள். ஒருநாள் அவசரத்தில் அக்கா பக்கத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார். ஆமைக் கதைத் தாளைப் பிடித்துக்கொண்டு, மழையைப் பற்றிய பாடத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள் மகள். விரல் வேறு வரி வரியாக நகர்ந்ததாம். அக்கா ஆடிப்போய்விட்டார். மற்ற பிள்ளைகள் வாசித்ததைக் கேட்டுக் கேட்டே இரண்டு வருடப் பாடத்தையும் மனதில் ஏற்றி வைத்திருக்கிறாள் என்பது பிறகுதான் உறைத்தது. "எம்மாடி, எவ்வளவு பெரிய மூளைடி இது!" என்று கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்.

டிஸ்லெக்சியா என்று சொன்னவர் சிறப்பு ஆசிரியை. ஒவ்வோர் எழுத்தையும் அதன் ஓசையோடு பொருத்த அந்தப் பிள்ளை மற்றவர்களைவிடப் பல மடங்கு பாடுபட வேண்டும். கண்ணை உறுத்தாத இளமஞ்சள் தாளும் தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை வெட்டிய அட்டையும் அவர் யோசனைதான். வரியின் மேல் வைத்தால் ஒரு சொல் மட்டும் தெரியும். விரலால் எழுத்தைத் தடவிக்கொண்டே ஓசையைச் சொல்ல வேண்டும்.

"மேகம்" என்ற சொல்லில் அரை மணி நேரம் போனது. "இந்தக் கொம்பு ஏம்மா முன்னாடியே வந்து நிக்குது?"

"அது ஒரு அவசரக்குடுக்கை. நீ பின்னாடி இருக்கறவரையும் சேர்த்துக் கூப்பிடு."

ஒரு சொல்லுக்கு மகளின் நெற்றி வியர்ப்பதையும் கால்விரல்கள் மடங்குவதையும் அக்கா பார்த்துக்கொண்டே இருப்பார். "நான் கண்ண மூடிட்டு செய்யறத இவ மலையப் புரட்டிச் செய்யறா. மறுநாளும் வந்து புரட்டறா. எனக்கெல்லாம் வராதுப்பா" என்பார் வாடிக்கையாளர்களிடம். யாராவது "பாவம்" என்றால் போச்சு. "பாவம் கீவம்னா இங்க காப்பி கிடையாது."

இந்த மாதக் கடைசியில் தலைமையாசிரியை ஒரு புதுப் பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார். வாசித்தால் தோழிகளோடு ஐந்தாம் வகுப்பு, இல்லாவிட்டால் அவர்கள் போவார்கள், இவள் இங்கேயே இருப்பாள். அம்மாவிடம் தனியாக இருக்கும்போது தட்டுத்தடுமாறி வந்துவிடுகிறது. வெளியாள் முன்னால் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். "எல்லாரும் பார்த்தா தெரிஞ்சதும் மறந்துடுதும்மா."

நேற்று சாயங்காலம் கடையில் கூட்டம். இயந்திரம் யாருடைய இருநூறு பக்கத்தையோ கடகடவென்று துப்பிக்கொண்டிருந்தது. ஒருவர் ஒரு தாளை நீட்டி, "அம்பது காப்பி" என்றார். வாங்கிய சின்ன முதலாளி அதை அம்மாவிடம் கொடுக்கவில்லை. முதல் எழுத்தின் கீழ் விரலை வைத்தாள்.

"கா... காண... காண...வில்லை."

அக்காவின் கத்தரிக்கோல் பாதியில் நின்றது.

"சாம்... சாம்பல் நிற..."

"பாப்பா, குடு, நானே சொல்றேன்" என்று வந்தவர் கை நீட்டினார். அக்கா உள்ளங்கையைக் காட்டி அவரை நிறுத்தினார். வரிசையில் ஆறு பேர். "பூ... பூனை" என்றாள் மகள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரல் அடுத்த சொல்லுக்கு நகர்ந்தது. "வலது..." அதற்கு மேல் வந்தது இயந்திரத்தின் சத்தத்தில் கேட்கவில்லை.

அக்கா கையை நீட்டி, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை அணைத்தார்.