பலாக் கவட்டைக் கிண்ணம்

பச்சைப் பலாமரத்தைக் கடையும்போது எழும் புளிப்பு மணம் தலைமயிரிலும் பாவாடையிலும் ஒட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருப்பவள் மூக்கைப் பொத்துமளவுக்குப் போகாமல் நிற்கும். வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிக் காலத்தில், துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையில் எங்கள் பின்வளவில் அப்பா வைத்திருந்த கடைசல் பட்டறையின் மணம் அது. அம்மா தோல்வாரை முன்னும் பின்னும் இழுக்க மரம் சுழலும். அப்பா உளியைப் பிடிப்பார்.

அடுத்த வீடு பெரியப்பாவுடையது. துறைமுகத்தில் கிளாக்கர் வேலை, கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை, எந்நேரமும் சுளித்த முகம். தம்பியான என் அப்பா, மலைநாட்டு ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பெண்ணைக் கட்டிவந்ததை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. வேலிக்கு மேலாக "தோட்டக்காட்டாள்" என்று அம்மாவின் காதில் விழவே சொல்லுவார். இரண்டு வளவுக்கும் நடுவே அப்பப்பா நட்ட பலா நின்றது. ஒருநாள் நாங்கள் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய்த் திரும்ப, மரம் இல்லை. நேரான அடிமரத்தை மரம் அறுத்து விற்கும் மரக்காலைக்கு ஏற்றிவிட்டு, கிளை பிரிகிற "கவட்டை"த் துண்டை மட்டும் எங்கள் வாசலில் உருட்டிவிட்டிருந்தார் பெரியப்பா. வேலிக்கு மேலாக அப்பாவிடம் சொன்னார்:

"உன்ர பங்கு. தோட்டக்காட்டாளின்ர அடுப்புக்குக் காணும்."

கடைசல்காரருக்குக் கவட்டை என்றால் சனியன். இரு கிளைகளின் இழைகளும் ஒன்றையொன்று முட்டி முறுகி நிற்கும். நடுவே பட்டை புதைந்திருந்தால் சுழல்கிற வேகத்தில் பிளந்து முகத்தில் அடிக்கும். ஆனாலும் அப்பா அதை விறகாக்கவில்லை. ஆத்திரத்தோடுதான் கிண்ணமாகக் கடைந்தார், அம்மா வார் இழுத்த இழுப்பிலும் அதே ஆத்திரம் இருந்தது. ஒரு சிராய் தெறித்து அப்பாவின் புருவத்தைக் கிழிக்க, வேலிக்கு அப்பால் பெரியம்மா சிரித்தது கேட்டது.

"நிப்பாட்டாதை, இழு" என்றார் அப்பா, இரத்தத்தைத் துடைக்காமலே.

பாதி கடைந்ததைச் சீவல்களோடு சாக்கில் கட்டி, மழைக்காலம் முழுதும் மெல்லக் காயவைத்து, மறுபடி ஏற்றி மெல்லிசாக்கியபோது, அடியிலிருந்து விளிம்புவரை மயிலிறகு விரித்ததுபோல் பொன்னிற இழைகள் எழுந்துநின்றன. கவட்டையில் மட்டும்தான் அப்படி வரும். பார்த்தவர்கள் தெருவெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

மகளின் கல்யாணம் நெருங்க, பெரியப்பா முதன்முறையாக எங்கள் வாசற்படி மிதித்தார்.

"சந்தனக் கிண்ணமா வைக்க அது வேணும். ஐயா நட்ட மரமெல்லே. நீயும் பிள்ளையும் கல்யாணத்துக்கு வாங்கோ. அவ வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஏதும் கதைப்பினம்."

அப்பா கிண்ணத்தை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். "நீ இழுத்துக் கடைஞ்சது. நீயே சொல்லு."

அம்மா பின்வளவுக்கு நடந்தாள். கிண்ணம் நிறையத் தவிட்டைப் போட்டு, தண்ணீர் விட்டுப் பிசைந்து, பெரியப்பா பார்த்திருக்கக் கோழிகளுக்கு முன்னால் வைத்தாள்.

"நீங்க தூக்கிப் போட்ட கட்டைதானுங்களே. கோழிக்குப் போதும்."

அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். தடுக்கவில்லை. அதன்பின் அவர் அந்தக் கிண்ணத்தைத் தொடவுமில்லை. மழையிலும் எச்சத்திலும் கிடந்து கறுத்து, அது வெடித்துப்போயிற்று. அப்பாவின் செத்தவீட்டுக்குப் பெரியப்பா வந்தபோது அம்மா வாசற் படலையைச் சாத்தினாள். அதில் அவள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது அந்த இரண்டு வளவிலும் ஒரே மாடிக்கட்டடம். வேலி நின்ற இடத்தில் கார்கள் நிற்கின்றன. மரக்காலையும் போய்விட்டது. அண்மையில் பெரியப்பா மகளின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து, "பழசுகளை மறந்திடலாமே, சின்னம்மா" என்றான். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, என் அம்மாவின் பெயர் தெரியுமா என்று கேட்டேன்.

"தோட்டத்து அம்மம்மா எண்டுதானே வீட்டில சொல்லுவினம்."

பாதி குடித்திருந்த கோப்பையை அவன் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.