பம்பளிமாஸ் கலந்த பதினோரு நாள்

உலர்த்தும் அறையில் ஒன்பது வருடம் நின்றதில் அவளுடைய உள்ளங்கை இரண்டிலும் மஞ்சள் ஏறிவிட்டது. பழத்தூள் ஆலையில் எல்லோருக்கும் அவள் மஞ்சக்கைதான். சாறு பிழிந்த ஆரஞ்சுத் தோலை, உள்வெள்ளையோடு சேர்த்து, ஐம்பத்தைந்து டிகிரியில் பதினான்கு மணி நேரம் காயவைப்பாள். கசப்பும் அந்த வெள்ளையில்தான், நார்ச்சத்தும் அதில்தான். சூடு கூடினால் வாசனை ஓடிப்போகும். வைட்டமினும் கூடவே கிளம்பிவிடும். அரைபடும் தூள் ஜன்னல் வெளிச்சத்தில் மிதக்கும்போது அவளுக்குக் காலடியில் தரை இருப்பதே மறந்துவிடும். பொன்னிற மேகத்துக்குள் நிற்பதுபோல் இருக்கும்.

அவள் கணவர் தையல்காரர். அவள் ஆலையிலிருந்து அவ்வப்போது கொண்டுவரும் தூளில் தினமும் காலையில் ஒரு தேக்கரண்டி எடுத்துத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பார். பல வருட மலச்சிக்கல் அதில்தான் விட்டது. "உன் தூசியிலதான் என் வண்டி ஓடுது" என்பார். ரத்த அழுத்த மாத்திரையையும் தவறவிடமாட்டார்.

ஆறாம் தேதி ஊசியில் நூல் கோக்கும்போது அவருக்குத் தலை சுற்றியது. பதினான்காம் தேதி தையல் இயந்திரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டார்.

"என்னங்க, நீங்களும் மிதக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டவள், அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள்.

மருந்துக்கடை அம்மா ரத்த அழுத்தம் பார்த்தார். மிகவும் இறங்கியிருந்தது.

"புதுசா என்ன சாப்பிடுறார்?"

"ஒண்ணுமில்லம்மா. பழைய தூள்தான்."

"எந்தப் பழத்துத் தூள்?"

ஆரஞ்சு என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். உலர்த்தும் அறைக் கதவில் தொங்கும் அட்டை கண்முன் வந்தது. அவள் கையெழுத்துதான்: 'நான்காம் தேதி முதல் ஆரஞ்சு வரத்துக் குறைவு. பாதி பம்பளிமாஸ்.' எழுதிவிட்டு, மேகத்தில் மறந்துபோயிருக்கிறாள். "பாதி பம்பளிமாஸும்மா" என்றாள்.

"இவர் போடுற மாத்திரையோட பம்பளிமாஸ் சேரக்கூடாது. மருந்து உடம்புல அளவுக்கு மேல தங்கிடும். தூளை இப்பவே நிறுத்துங்க. நேரா டாக்டர்கிட்ட போங்க."

டாக்டரிடம் காட்டி, அவரை வீட்டில் படுக்கவைத்துவிட்டு ஆலைக்கு ஓடினாள். ஆரஞ்சு என்று அச்சடித்த பொட்டலங்கள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன.

"ரெண்டும் ஒரே குடும்பம்தானே, மஞ்சக்கை?" என்றார் முதலாளி.

"குடும்பம்னா எல்லாருக்கும் ஒரே குணமா, முதலாளி? உங்க தம்பியவே பாருங்க."

முதலாளி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "என் வீட்டுக்காரர் தப்பிச்சிட்டார். இதை வாங்குற வீட்டுலயும் யாராவது மாத்திரை போடுவாங்கல்ல?"

வண்டி நின்றது. பதினோரு நாள் சரக்கையும் கடைகளிலிருந்து திருப்பி வாங்கினார்கள்.

ஐந்தாம் நாள் தையல்காரர் முதல் முயற்சியிலேயே நூலைக் கோத்தார். "சரி, என் வண்டிக்கு என்ன வழி?"

டாக்டர் சம்மதித்த வெறும் ஆரஞ்சுத் தூளை அவள் கலக்கிக் கொடுத்தாள். மறுநாளும் அறையில் பொன்மேகம் எழுந்தது. காயவைத்த ஒவ்வொரு தட்டையும் முகர்ந்து, ஆரஞ்சு மட்டும்தானா என்று பார்த்த பிறகே அதற்குள் நடந்து போனாள்.